எட்டை ஐந்தாக்கிய பெருந்தகைகளுக்கு ஒரு வாழ்த்து மடல்

2019 இன் கடைசியில் எங்களை ஆள வந்து, 2022 இன் நடுப்பகுதி வரை ஆண்டு, பிறகு வந்த வழியே போகக்கூட நேரமில்லாமல் போன பெருந்தகைகளே! டொலருக்கு விலை குறித்த மத்திய வங்கி மேதைகளே! வர்த்தமானி எழுதி ஓயாத கைகளே! உங்கள் எல்லோருக்கும் இந்த மடல்.

உங்களை ஏசாத வாய் இலங்கையில் இல்லை. வரிசையில் நின்றவர்கள் ஏசினார்கள், நிற்க முடியாதவர்களும் ஏசினார்கள். ஏசிய எவரும் மத்திய வங்கியின் அட்டவணையை எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2021 இல் நாட்டின் வர்த்தகப் பற்றாக்குறை 8.1 பில்லியன் டொலர். 2022 இல் அது 5.2 பில்லியன் டொலர். ஒரே ஆண்டில் எட்டை ஐந்தாக்கியிருக்கிறீர்கள். 1977 க்குப் பிறகு இந்த நாடு வர்த்தகத்தில் மிகை என்ற ஒன்றையே கண்டதில்லை. அந்த ஆண்டு ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் ஊர் ஊராக ஆடைத் தொழிற்சாலை கட்டினார்கள். என்ன செய்தும் பற்றாக்குறை தீரவில்லை. நீங்கள் தொழிற்சாலை ஒன்றும் கட்டாமலே அதைச் சுருக்கிக் காட்டினீர்கள்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாடு வெளியே விற்ற பொருளின் பெறுமதியிலிருந்து, வெளியே வாங்கிய பொருளின் பெறுமதியைக் கழித்தால் வருவது வர்த்தக மீதி. பொருளோடு சேவையையும் சேர்த்துக் கழித்தால் அது தேறிய ஏற்றுமதி. சேவை என்றால் உல்லாசப் பயணி வந்து தங்குவது, கப்பல் துறைமுகத்தைப் பயன்படுத்துவது, கணினி வேலை செய்து கொடுப்பது போன்றவை. கழித்து வரும் தொகை மறையாக இருந்தால் அதைத் திருத்த இரண்டே வழி. கூட விற்கலாம், அல்லது குறைய வாங்கலாம். கூட விற்பது லேசான காரியமல்ல. அதற்குத் தேயிலை விளைய வேண்டும், தறி ஓட வேண்டும், தரம் இருக்க வேண்டும், மறுகரையில் வாங்குபவனுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். குறைய வாங்குவதற்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. கையில் டொலர் இல்லாமல் இருந்தால் போதும்.

நீங்கள் சாதித்த 2.9 பில்லியனில், ஏற்றுமதி கூடியதால் வந்தது 0.6 பில்லியன். மிச்சம் 2.3 பில்லியனும் வாங்காமல் விட்டதால் வந்தது. ஐந்தில் நான்கு பங்கு புகழ் சனத்தின் வாயையும் வயிற்றையும் சேரும் என்று குறுக்குக் கேள்வி கேட்பவர்கள் கேட்கட்டும். கட்டியது அவர்கள் வயிறு என்றாலும் கட்ட வைத்தது நீங்கள்தானே? கடைக்காரர் கடன் கொப்பியை மூடிவிட்டதால் செலவு குறைந்த வீட்டுக்காரரை, ‘என்ன சிக்கனமான மனிசன்!’ என்று ஊர் மெச்சினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் உங்களை மெச்சுகிறேன்.

உங்கள் சிக்கனம் எப்படி நடந்தது என்பதை யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய் வரிசையில் நின்று பார்த்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் கலன்களைக் கயிற்றில் கோத்து வைத்துவிட்டு ஆட்கள் மதில் நிழலில் இருப்பார்கள். காஸ் வரிசையில் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள்.

“தம்பி, கப்பல் வந்திட்டுதாமே?”

“வந்திட்டுது அம்மா. கொழும்புக்கு வெளியில நிக்குதாம்.”

“வந்ததெண்டா ஏன் இறக்கேல்லை?”

“டொலர் குடுத்தால்தானே இறக்குவாங்கள்.”

அந்த அம்மாவுக்குக் கணக்கியல் தெரியாது. கப்பல் கடலில் நிற்கும் வரைக்கும் அது இறக்குமதி இல்லை. சுங்கத்தின் புத்தகத்தில் ஏறாத எண்ணெய் பற்றாக்குறையிலும் ஏறாது. கப்பல் காத்துக் கிடந்த ஒவ்வொரு நாளும் தாமதக் கட்டணம் ஏறியது உண்மைதான். ஆனால் அது பொருள் வர்த்தகத்தில் சேராது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் நாலு கப்பலை நிறுத்தி வைத்து, கரையில் அடுப்பை அணைத்து, மீதியைத் திருத்திய அரசு உலகத்தில் வேறு உண்டா? 2022 ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்று நிறுத்தியது அந்தக் கலையின் உச்சம். அதன் பிறகு க்யூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஓட்டோ ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஒருவர் 5 லீற்றரில் ஏழு நாள் ஓட வேண்டும். அவர் ஓடாமல் வீட்டில் இருந்த நாட்களும் நாட்டின் வர்த்தக மீதிக்கு அவர் செய்த தொண்டுதான்.

அடுத்து மஞ்சள். உள்நாட்டில் விளையக்கூடியதை ஏன் வெளியே வாங்க வேண்டும் என்று மஞ்சள் இறக்குமதியை மறித்தீர்கள். நல்ல கேள்வி. மஞ்சள் விளைய ஒன்பது மாதம் செல்லும் என்பது சின்ன விஷயம். அதற்குள் கொரோனா வந்து எல்லோரும் மஞ்சள் தேட, சில நூறு ரூபாய்க்குக் கிடந்த கிலோ ஆயிரங்களுக்கு ஏறியது. உடனே பாக்கு நீரிணை விழித்துக்கொண்டது. மண்டபம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து இரவுப் படகுகளில் மஞ்சள் மூட்டை ஏறியது. மன்னாரிலும் கற்பிட்டியிலும் கடற்படை பிடித்தது போக மிச்சம் கறிச்சட்டிக்குப் போனது. இதில் உங்கள் நுட்பத்தைப் பாருங்கள். சட்டப்படி வந்த மஞ்சள் இறக்குமதி, படகில் வந்த மஞ்சள் குற்றம். குற்றத்துக்கு வர்த்தக அட்டவணையில் நிரல் கிடையாது. சனம் மஞ்சளும் சாப்பிட்டது, டொலரும் வெளியே போனது, பற்றாக்குறை மட்டும் குறைந்தது. சுங்கத் தீர்வை கிடைக்காமல் போனதைத் தவிர அரசுக்கு ஒரு நட்டமும் இல்லை.

உர விவகாரத்தை நினைத்தால் இன்னும் மெய்சிலிர்க்கிறது. 2021 மே மாதத்து வர்த்தமானி ஒன்றினால், ஒரே இரவில் நாடு முழுவதும் இயற்கை விவசாயத்துக்கு மாறியது. மண்ணுக்கும் மனிதனுக்கும் நல்லது என்றீர்கள். நஞ்சில்லாத சோறு கசக்குமா? உரத்துக்குப் போகும் டொலர் மிச்சம் என்பது மட்டும் மெல்லிய குரலில் சொல்லப்பட்டது. பசளை இல்லாமல் நெல் விளைச்சல் சரிந்து, பிறகு கப்பல் கப்பலாக அரிசி வாங்கினோம். உரத்தில் மிச்சம் பிடித்து அரிசியில் விடுவது ஒருவகைச் சுழற்சி. தேயிலை 2021 இல் ஏறக்குறைய 30 கோடி கிலோ உற்பத்தியானது. 2022 இல் 25 கோடி கிலோவாக இறங்கியது. கால் நூற்றாண்டில் காணாத வீழ்ச்சி அது. இறக்குமதியைக் குறைக்கப் போட்ட கத்தி ஏற்றுமதியையும் சேர்த்து வெட்டும் அளவுக்குக் கூர்மையாக இருந்தது என்றால், தீட்டிய கைகளைப் பாராட்டத்தானே வேண்டும்?

அந்தப் பசளைக் கதைக்குள் இன்னொரு கதை இருக்கிறது. சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்ற கப்பல் வந்தது. மாதிரியைச் சோதித்த எங்கள் விஞ்ஞானிகள், பயிருக்குக் கேடான பக்டீரியா இருக்கிறது என்று மறித்தார்கள். கப்பல் கிழமைக்கணக்கில் கடலில் சுற்றியது. பணம் தராத எங்கள் அரச வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 2022 ஜனவரியில், இறக்காத பசளைக்கு ஏறக்குறைய 70 லட்சம் டொலர் கொடுத்து அனுப்பி வைத்தோம். எல்லா நாடும் பொருளை வாங்கிக் காசு கொடுக்கும். கடன்கார நாடு பொருளை வாங்கிக் காசு கொடுக்காது. பொருளையும் வாங்காமல் காசையும் கொடுத்து, இறக்குமதி நிரலில் ஒரு கிலோவும் ஏறாமல் பார்த்துக்கொண்ட நாடு எங்களுடையது.

இனி உங்கள் மணிமுடி: டொலரின் விலை. 2021 செப்ரெம்பர் முதல் ஒரு டொலர் 203 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று பிடித்து வைத்தீர்கள். வரியை 2019 டிசம்பரிலேயே குறைத்தாயிற்று. 15 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 8 வீதமானது. குறைந்த வருமானத்தை ஈடுகட்ட ரூபாயை அச்சடித்தாயிற்று. அச்சடித்த ரூபாய் சும்மா இருக்காது, எங்கேயோ செலவாகும். செலவாகிற இடமெல்லாம் இறக்குமதிப் பொருள் இருக்கும். ஆக, ரூபாயைக் கூட்டுவதும் நீங்கள், அது டொலராக மாறாதபடி கதவைச் சாத்துவதும் நீங்கள். இரண்டு வேலையையும் ஒரே கையால் செய்தது சாமானியமா?

கட்டாரிலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்கிற பெண்கள் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு டொலருக்கு வங்கியில் 200 ரூபாய்ச் சில்லறை, வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியலில் 240 ஐ ஒட்டி. உம்மாவுக்கு மருந்துக்கும் தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புகிறவள் நாற்பது ரூபாயை ஏன் விடப் போகிறாள்? உண்டியல்காரன் வீடு தேடி வந்து ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான். டொலர் அந்த நாட்டிலேயே நின்றுவிட்டது. இதனால் என்ன ஆனது என்பதை மூன்றே எண்கள் சொல்லும். 2020 இல் வெளிநாட்டு உழைப்பாகக் கிடைத்தது 7.1 பில்லியன் டொலர். அடுத்த ஆண்டு 5.5. 2022 இல் 3.8.

இந்த எண்களைப் பற்றாக்குறைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உங்கள் பெருமை முழுதாகத் தெரியும். 2020 இல் வர்த்தகப் பற்றாக்குறை 6 பில்லியன். அந்தப் பள்ளத்தை வெளிநாட்டு உழைப்பு மட்டுமே நிரப்பி மேலே ஒரு பில்லியன் மிச்சமும் காட்டியது. 2022 இல் பற்றாக்குறை 5.2 பில்லியன்தான், ஆனால் நிரப்ப வந்தது 3.8. பள்ளம் சிறிதாகியும் நிரம்பவில்லை. இரண்டு ஆண்டில் பற்றாக்குறையில் 80 கோடி டொலர் மிச்சம் பிடித்தீர்கள், உழைப்புப் பணத்தில் 330 கோடியை விட்டீர்கள். வர்த்தக மீதி என்பது கணக்கின் ஒரு நிரல்தான், உழைப்புப் பணமும் உல்லாசப் பயணமும் கடன் வட்டியும் சேர்ந்த நடைமுறைக் கணக்கைப் பார்த்தால்தான் நாடு நிற்கிறதா விழுகிறதா என்று தெரியும் என்று பல்கலைக்கழகத்துப் பொருளியல் ஆசிரியர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரே நிரலில் கவனம் வைக்கும் ஒருமுகச் சிந்தனை இல்லை. உங்களுக்கு இருந்தது.

அந்த ஆசிரியர்கள் கரும்பலகையில் ஒரு சமன்பாடும் எழுதுவார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது மக்கள் நுகர்வது, முதலிடுவது, அரசு செலவழிப்பது, இவற்றோடு தேறிய ஏற்றுமதி. அதில் இறக்குமதிக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். அதைக் கண்டு, இறக்குமதியைக் குறைத்தால் விடை தானாகக் கூடும் என்று எண்ணுவது எவருக்கும் இயல்பு. ஆனால் அந்தக் கழித்தல் தண்டனை இல்லை. பெட்டிக்கடையில் வாங்கிய பால்மா ஏற்கெனவே நுகர்வில் ஏறியிருக்கிறது. அது இங்கே உற்பத்தியாகாததால், ஏறியதைத் திரும்ப எடுக்கிறார்கள். வாங்காமல் விட்டால் கழிப்பதும் இல்லை, நுகர்வில் ஏறுவதும் இல்லை. கூட்டிக் கழித்தால் பூச்சியம். 2022 இல் நீங்கள் இதைச் செய்முறையில் நிரூபித்தீர்கள். வர்த்தகப் பற்றாக்குறை இவ்வளவு அழகாகக் குறைந்த அதே ஆண்டில் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. ஒரு கரும்பலகைப் பாடத்துக்கு இரண்டு கோடிப் பேரைப் பரிசோதனைக்கு விட்ட ஆசிரியர்கள் வேறு எங்கும் இல்லை.

சுருக்கம் பூச்சியத்தோடு நிற்காமல் கீழே போனதற்கும் காரணம் இருக்கிறது. நாங்கள் வாங்குவதில் பெரும்பங்கு ஆப்பிளும் கண்ணாடிப் பாத்திரமும் இல்லை. எரிபொருள், துணி, நூல், உரம், இரும்பு போன்ற இடைநிலைப் பொருட்கள். எங்கள் ஏற்றுமதியில் மிகப் பெரிய பங்கு ஆடை. அந்த ஆடையின் துணி கப்பலில் வருகிறது, தைக்கிற இயந்திரம் டீசலுக்கு ஏங்குகிறது, தைக்கிற பிள்ளை பஸ் ஏறி வர வேண்டும். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. அப்படியிருந்தும் அந்த ஆண்டில் ஏற்றுமதி கொஞ்சம் கூடியதென்றால், அந்தப் பிள்ளைகளைப் புகழ வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. இந்த மடல் உங்களுக்கானது என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

வடக்கில் வயதான கமக்காரர்கள் உங்களுக்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்வார்கள். 1970 இலிருந்து 1977 வரை பிரதமர் சிறிமாவோ காலம். அப்போதும் இறக்குமதித் தடை, அப்போதும் பாணுக்கு வரிசை. ஆனால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அந்தத் தடை பொற்காலமாக இருந்தது. வெங்காயம் விற்றுக் கல்வீடு கட்டினோம் என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தடை என்றால் கெடுதிதான் என்று இந்தக் கமக்காரர்கள் முன்னால் எவரும் பேச முடியாது. அவர்கள் உங்கள் காலத்திலும் ஆசையோடு காத்திருந்தார்கள். அந்த அம்மையார் மிளகாயை மறித்தாரே தவிர, மிளகாய்க்குப் போடும் யூரியாவை மறிக்கவில்லை. நீங்கள் பாரபட்சம் காட்டவில்லை. யூரியா இல்லை, தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் இல்லை, விளைந்ததைத் தம்புள்ளைக்கு ஏற்ற லொறிக்கு டீசல் இல்லை. நல்ல விலை மட்டும் இருந்தது. அந்த விலைக்கு விற்கத் தோட்டத்தில் ஒன்றும் இல்லை.

ஏற்றுமதியை நீங்கள் கவனிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 இல் வேலை தேடி நாட்டை விட்டுப் போனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். வைத்தியர்கள், தாதியர், பொறியியலாளர், மேசன், சாரதி என்று எல்லா வகையிலும் சரக்கு அனுப்பினீர்கள். அனுப்புகிற செலவையும் அவர்களே தாலிக்கொடியை ஈடுவைத்துக் கட்டினார்கள். விசாவுக்கும் வழியில்லாதவர்கள் மார்ச் மாதம் தொடக்கம் மன்னாரிலிருந்து படகேறி, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கைக்குழந்தைகளோடு இறங்கினார்கள். மறுதிசையில், சென்னையிலிருந்து மே மாதம் தமிழ்நாட்டு அரசின் அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேறின. பாக்கு நீரிணையில் இப்படி ஒரு பண்டமாற்று உங்களால் அல்லாமல் நடந்திருக்குமா?

இவ்வளவும் செய்த உங்களுக்குக் கிடைத்தது என்ன? 2022 ஏப்ரல் 12 இல், வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தீர்கள். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்புதான், மருந்துக்கு டொலர் இல்லாத வேளையிலும் 500 மில்லியன் டொலர் கடன்முறியை வாக்குத் தவறாமல் கட்டியிருந்தீர்கள். அந்த நாணயத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருளுக்கு 94.9 வீதம். தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுதும் கொழுந்து பறிப்பவரின் 1,000 ரூபாய்க் கூலி, டொலர் 200 ஆக இருந்தபோது ஐந்து டொலர். டொலர் 360 ஆனபோது மூன்று டொலர்கூட இல்லை. நாட்டுக்கு டொலர் தேடித் தருகிறவரையே டொலர் கணக்கில் மலிவாக்கியது ஏற்றுமதிக்கு ஊக்கம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அவரிடம் அதைச் சொல்லிப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமும், பொருளாதார நெருக்கடிக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று பெரும்பான்மைத் தீர்ப்புச் சொன்னது. பொறுப்பு என்ற சொல்லை உங்கள் பெயரோடு சேர்த்து எழுதியது அந்தத் தீர்ப்பு மட்டும்தான். அதையாவது சட்டம் போட்டு மாட்டி வையுங்கள்.

நீங்கள் போன பிறகு நாடு கெட்டுப் போய்விட்டது. 2024 இல் வர்த்தகப் பற்றாக்குறை மறுபடி 6 பில்லியனுக்கு ஏறிவிட்டது. 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதிக்கும் கதவு திறந்தார்கள். வெட்கமே இல்லாமல் வெளியே வாங்குகிறோம். உங்கள் கடைசி ஆண்டை விடப் பெரிய பற்றாக்குறையை வைத்துக்கொண்டும் 2024 இல் நடைமுறைக் கணக்கில் மிகை காட்டினோம். ஏனென்றால் வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கிக்குத் திரும்பி 6.6 பில்லியன் அனுப்பினார்கள், உல்லாசப் பயணிகளும் 3 பில்லியனுக்கு மேல் கொட்டிவிட்டுப் போனார்கள். காஸ் கடையில் சிலிண்டர் சும்மா கிடக்கிறது, சங்கிலி போடுவாரைக் காணோம். அட்டவணையின் ஒரு நிரலை அழகாக வைத்திருக்க நாட்டையே வெறுமையாக்கத் துணிந்த உங்கள் உறுதி இனி எவருக்கும் வராது. வந்துவிடக் கூடாதே என்றுதான் இந்த நன்றிகெட்ட சனம் கோயில் கோயிலாக நேர்த்தி வைக்கிறது.